எல்லை தாண்டிய முன்சீப்

இந்த வருஷம் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும் உங்களுக்கு அனுபவம் சொல்ல என்னைக் கூப்பிட்டது விநோதம்தான். அனுபவம் சொல்கிறவருக்குத் தலை கொஞ்சம் நரைத்திருக்க வேண்டும், பேச்சுக்கு நடுவே ஒரு இருமல் வர வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. தொழிலுக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் கோர்ட்டை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன் என்பதால், நம் சங்கத்துக்காரர்கள் கணக்கில் நான் ஓய்வு பெற்றவன். இருக்கட்டும். கிடைத்த சந்தர்ப்பத்தை விட எனக்கு மனசு வராது.

போன வாரம் நூலகத்தில் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "சாட்சியச் சட்டத்துல மாநிலம் எங்க சார் வருது? டெல்லியில ஒரு சட்டம், நாடு முழுக்க அதுதானே?" பரீட்சையில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். கட்சிக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

நம் ஊரையே பாருங்கள். நாற்பத்தேழு வரைக்கும் கண்டோன்மெண்ட் பக்கம் பிரிட்டிஷ்காரர் அதிகாரம், சிட்டி பக்கம் மைசூர் மகாராஜா அதிகாரம். நடுவில் ஒரு பூங்காதான். இரண்டு பக்கமும் சாட்சியச் சட்டம் கிட்டத்தட்ட ஒரே வாசகம். ஆனால் அந்தப் பக்கத்துக் கோர்ட்டில் நகல் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்கு வந்தால் ஏதோ வெளிநாட்டுக் காகிதம் மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்களாம். அப்பா மகாராஜா சர்க்காரில் வேலை பார்த்தவர், சிரித்துச் சிரித்துச் சொல்வார். பிறகு அரசியல் சட்டம் வந்தது. சாட்சியம் பொதுப் பட்டியலுக்குப் போனது. மைசூருக்கும் மதராஸுக்கும் ஒரே புத்தகம். தொல்லை விட்டது என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன், முனியப்பன் வழக்கு வரும்வரை.

மாநிலங்களைப் பிரித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். வக்கீல் வைக்க வசதி இல்லாத கைதிக்கு சர்க்கார் செலவில் கோர்ட்டே வக்கீல் நியமிக்கும் இல்லையா, அந்த வகையில் எனக்கு ஒரு கொலை வழக்கு வந்தது. இப்படிப்பட்ட வழக்குகள் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குத்தான் வரும். பெரியவர்கள் வேலை இருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

முனியப்பன் நம் ஊர் ஜீவனஹள்ளியில் குடியிருந்தவன், செங்கல் சூளை லாரியில் ஏற்றி இறக்கும் வேலை. தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டு வேலுவோடு சண்டை. வேலு முனியப்பன் மனைவி ராஜம்மாவின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டதில் ஆரம்பித்தது. முனியப்பன் போய்ப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். வேலு குழாய்க் கல்லில் தலை மோதி விழுந்தான், மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தான். முனியப்பன் பயந்துபோய் ஓசூர்ப் பக்கம் இருக்கிற தன் சொந்த ஊருக்கு ஓடிவிட்டான். எல்லைக்கு அந்தப் பக்கம், மதராஸ் ராஜ்யம். அங்கேதான் அகப்பட்டான்.

குழாயடியில் நின்ற பெண்கள் இரண்டு பேர் சாட்சி. ஒருத்தி, தள்ளினான், விழுந்தான் என்றாள். இன்னொருத்தி எதையும் சரியாகப் பார்க்கவில்லை. டாக்டர், கல்லில் மோதிய ஒரே காயம் என்று எழுதியிருந்தார். இவ்வளவுதான் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. ஆனால் போலீஸ் கொடுத்த காகிதக் கட்டில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது. அதில் முனியப்பன், வேலுவைக் கொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் தலையைக் கல்லில் மோதினேன் என்று சொன்னதாக இருந்தது. அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் கடைசி வரி: ஓசூர் தாலுகா முன்சீப் முன்னால் சொன்னது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் முன்சீப் என்றால் சிவில் நீதிபதி. மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவரிடம் இருப்பது உண்டு. போலீஸ் காவலில் இருக்கிறவன் வாயிலிருந்து வரும் ஒப்புதல் செல்லாது. மாஜிஸ்திரேட் நேரில் இருந்தால் மட்டும் செல்லும். அந்தப் பாதுகாப்புக்குள் இந்தக் காகிதம் வந்துவிட்டால் முனியப்பனுக்குத் தூக்குக் கயிறோ, ஆயுளோ. மாஜிஸ்திரேட் எழுத வேண்டிய சான்று அதில் இல்லைதான். ஆனால் அந்தக் குறையை, எழுதியவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சரிக்கட்டலாம் என்று நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அரசு வக்கீல் அதற்காகத்தான் முன்சீபுக்குச் சம்மன் அனுப்பியிருந்தார். வர வேண்டிய நாள் திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜம்மா ஆஸ்டின் டவுனில் என் அறைக்கு வந்தாள். என் நண்பன் நாகராஜும் இருந்தான், என்னோடு தொழிலுக்கு வந்தவன். கன்னடக்காரன், ஆனால் எங்கள் தெருவில் வளர்ந்ததால் தமிழில் சண்டை போடுவான். கொலை எண்ணம் இல்லை, ஆத்திரத்தில் நடந்தது என்று மட்டும் சொல்லி, தண்டனையைக் குறைக்கக் கேட்பது என்று நாங்கள் முடிவு பண்ணியிருந்தோம். அதை ராஜம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு முன்சீப் வர்றாரும்மா. அவர் சொல்றதுதான் பெரிய கஷ்டம்" என்றேன்.

"அவுரு நல்ல மனுசன் சாமி. நமக்கு எதிரா ஏன் சொல்லப் போறாரு?"

"உனக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியாம? எங்க ஊரு முன்சீப்புதானே. எரும கன்னு போட்டப்பகூட வந்து பாத்துட்டுப் போனாரு."

நாகராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். "ஜட்ஜு எருமைக் கன்னு பாக்க வந்தாரா?"

"ஜட்ஜா? யாருங்க ஜட்ஜு?"

"முன்சீப்மா. தாலுகா முன்சீப்."

"தாலுகாவெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வரி வசூல் பண்ண வருவாரு. யாராச்சும் செத்தா எழுதிக்குவாரு. மாடு திருடு போனா அவருகிட்டதான் சொல்லுவோம். கணக்கு எழுதுற கர்ணமும் அவரும் எப்பவும் சேர்ந்துதான் திரிவாங்க."

"அது கிராமத் தலைவர். இங்க பட்டேல்னு பேரு" என்றான் நாகராஜ், மெதுவாக.

"இருக்கலாங்க. எங்க பக்கம் முன்சீப்பு" என்றாள் ராஜம்மா. இதில் என்ன இருக்கிறது என்பது போல எங்கள் இருவரையும் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்குச் சந்தோஷம் வந்தால் உட்கார முடியாது, அது என் வியாதி. சாட்சியச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். காவலில் இருப்பவரின் ஒப்புதலைப் பற்றிய பிரிவின் அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது. கல்லூரியில் அதை யாரும் படிப்பதில்லை, யாரும் சொல்லித் தருவதும் இல்லை. மதராஸ் மாகாணத்துக் கிராமத் தலைவர் மாஜிஸ்திரேட் வேலை பார்த்தாலும் இந்தப் பிரிவுக்கு அவர் மாஜிஸ்திரேட் ஆகமாட்டார் என்பது அதன் சாரம். நாடு முழுவதற்கும் எழுதிய சட்டம்தான். அதற்குள் ஒரு மாகாணத்தின் பேரையே சொல்லி, அங்கத்துக் கிராமத் தலைவருக்கு, அதாவது கிராம முன்சீபுக்கு, ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஆள் யார் என்று தெரியாமல் நாம் அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போகிறோம்.

நடந்தது இதுதான். தமிழ்க் காகிதத்தில் கிராமத்தின் பேரும், முன்சீப் என்ற கையெழுத்தும், அடியில் ஓசூர் தாலுகா என்றும் இருந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் மைசூர்க்காரர். அவர் பார்த்த முன்சீப்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறவர்கள், தாலுகாவுக்கு ஒருவர். கிராமப் பேரை விட்டுவிட்டு, தாலுகாவை வைத்துக்கொண்டார். போலீஸ்காரர் மைசூர், அரசு வக்கீல் மைசூர், நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஒரே வார்த்தை, எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிட்டது. எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இப்பவே அரசு வக்கீல் வீட்டுக்குப் போறேன்" என்றேன். "நல்ல மனுஷர். சொன்னா காகிதத்தை அவரே வாபஸ் வாங்கிடுவார்."

"ஏன் மாராயா, உனக்கு என்ன ஆச்சு?" என்றான் நாகராஜ். "கொஞ்சம் சும்னிரு. சும்மா உக்காரு."

"மறைக்கச் சொல்றியா?"

"மறைக்க நீ என்ன திருடி வெச்சிருக்கே? அவங்க கூப்பிட்ட சாட்சி. அவங்க கொண்டுவந்த காகிதம். அவர் யாருன்னு அவங்களுக்குத் தெரியலைன்னா நீ போய் அறிமுகம் பண்ணணுமா?"

"ஜட்ஜ் கேட்டா?"

"கேட்டா பொய் சொல்லாதே. அவ்வளவுதான். ஆனா இதை யோசி. இன்னிக்கு நீ போய்ச் சொன்னா நாளைக்குக் காலையில என்ன நடக்கும்? சாட்சியை வராண்டாவுல உக்கார வெச்சு ஒரு காபி வாங்கிக் குடுத்துக் கேப்பாங்க. போலீஸ் கூட்டிட்டு வந்தாங்களா, இல்ல, அவனா வந்தானா? கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கன்னு."

எனக்குச் சுரீர் என்றது. காவலில் இல்லாதபோது, தானாக வந்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது செல்லும். அப்போது அவர் மாஜிஸ்திரேட்டா இல்லையா என்ற கேள்வியே இல்லை. வீட்டு வேலைக்காரனிடம் சொன்னாலும் செல்லும். எங்கள் விளக்கம் உதவ வேண்டுமானால் முனியப்பன் போலீஸ் பிடியில் இருந்தான் என்பது முதலில் பதிவாக வேண்டும். அதை யார் பதிவு செய்வார்கள்? முன்சீபை நீதிபதி என்று நினைத்துக்கொண்டிருக்கிற அரசு வக்கீலே செய்வார். போலீஸ் கைதியை முறைப்படி நீதிபதி முன்னால் நிறுத்தியது என்று காட்டுவதுதானே அவருக்குப் பெருமை.

அன்று நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கோர்ட் ஆரம்பித்ததுமே நீதிபதி என்னைப் பார்த்தார். "அடுத்து முன்சீப் சாட்சி. இந்த ஒப்புதலின் நடைமுறையைப் பற்றி எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் உண்டா? இல்லையென்றால் நேரம் மிச்சம்."

நேரான கேள்வி. ஆட்சேபம் இல்லை என்றால் பொய். என்ன ஆட்சேபம் என்று விளக்கினால் ஞாயிற்றுக்கிழமை செய்யாமல் விட்ட தவற்றைத் திங்கட்கிழமை செய்தது ஆகும். "ஆட்சேபம் உண்டு. எழுதியவர் யார், எந்த நிலைமையில் எழுதினார் என்பதில் எதையும் நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும்" என்றேன். என் வயதைப் பார்த்து நீதிபதி லேசாகச் சிரித்தார். சின்ன வக்கீல்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் நிரூபிக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

முன்சீப் வந்தார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, கையில் தோல் செருப்பு. கோர்ட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டே கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வந்தது. ஆனாலும் எழுதி வைத்த கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். எழுதி வைத்த கேள்விகளுக்கு அந்தக் குணம் உண்டு, நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

"நீங்க முன்சீப்தானே?"

"ஆமாங்க. இருவது வருசமா."

"எதிரி முனியப்பனை யார் உங்க முன்னால கொண்டுவந்து நிறுத்தினாங்க?"

"ஓசூரு டேசன் கான்ஸ்டபிளுங்க. கையப் புடிச்சிக் கூட்டிட்டு வந்தாரு."

நாகராஜ் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தான். மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டார். காவல் பதிவாகிவிட்டது.

"சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்னு அவனை எச்சரிச்சீங்களா?"

"பயப்படாதடா, நடந்ததச் சொல்லுடான்னு சொன்னேங்க."

"அப்போ போலீஸை வெளியே அனுப்பினீங்களா?"

"எதுக்குங்க அனுப்பணும்? பாவம், அத்தன தூரம் வெயில்ல வந்தாரு. பக்கத்துலயே பாய் போட்டு உக்கார வெச்சி மோர் குடுத்தேன்."

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அவரே கேட்டார்: "நீங்க எந்தக் கோர்ட்டு?"

"கோர்ட்டுங்களா?" முன்சீப் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னிக்குத்தானுங்க மொத தடவையா கோர்ட்டுக்குள்ள வர்றேன்."

இருபது வருஷ முன்சீப், முதல் தடவையாகக் கோர்ட்டுக்கு வருகிறார். அரசு வக்கீல் கையில் இருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தமிழ் மூலத்தைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

இனிதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. என் முன்னால் ஒரு தாள் நிறையக் குறுக்குக் கேள்விகள். சனிக்கிழமை எழுதியவை, ஞாயிற்றுக்கிழமை மாற்றியவை. சம்பளம் எவ்வளவு, யார் நியமித்தது, வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, மாட்டுத் திருட்டு. ஒவ்வொன்றாகக் கேட்டு, கிராம முன்சீப் யார் என்று ஊருக்கே பாடம் நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. விளக்கப் பிரிவைக் கணீரென்று படிக்க வேண்டும். பின் வரிசையில் மற்ற வக்கீல்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இருபத்தைந்து வயதுதான்.

"குறுக்கு விசாரணை?" என்றார் நீதிபதி.

நான் எழுந்தேன். எழும்போது அரசு வக்கீலைப் பார்த்தேன். சோர்ந்து உட்கார்ந்திருந்தவர் சட்டென்று முன்னால் சாய்ந்து பென்சிலை எடுத்தார். தோற்றுப்போன மனிதர் ஏன் பென்சிலை எடுக்கிறார்? நான் ஒரு கேள்வி கேட்டால் போதும், அதை ஒட்டி அவருக்கு மறு விசாரணைக்கு இடம் கிடைக்கும். கான்ஸ்டபிள் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவரால் கேட்க முடியும். அவருக்கு வேண்டியது ஒரு கதவு. அதைத் திறக்க அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

"கேள்வி இல்லை" என்றேன்.

பின் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டியது கேட்டது. நீதிபதி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு சாட்சியைப் போகச் சொன்னார். விளக்கப் பிரிவை அதன் பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன், அதையும் நான் படிக்கவில்லை, அவரே படித்துக்கொண்டார். அரசு வக்கீல் எழுந்து, மதராஸ் கிராம அதிகாரிகளைப் பற்றி மைசூர்க் கோர்ட் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். புத்தகம் இரண்டு ராஜ்யத்துக்கும் ஒன்று, ஆனால் அதில் வருகிற ஆள் அந்த ராஜ்யத்து ஆள். அவர் யார் என்று அந்த ராஜ்யத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார் நீதிபதி. காகிதம் வழக்கிலிருந்து வெளியே போனது.

தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். கொலைக் குற்றம் நிற்கவில்லை. குழாயடிப் பெண் சொன்னபடி தள்ளினான், விழுந்தான் என்பதுதான் மிஞ்சியது. காயப்படுத்தியதற்குச் சில மாதம் சிறை. அதை முடித்துவிட்டு முனியப்பன் ஜீவனஹள்ளிக்கே திரும்பினான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மதியம் வராண்டாவில் நடந்ததுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. தீர்ப்பு வர இன்னும் நாள் இருந்தது. அரசு வக்கீல் அதற்குள் கிளம்பிவிட்டார். ராஜம்மா தூணோரம் நின்றிருந்தாள். முன்சீப் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். முகத்தில் கோபம்.

"என்ன சாமி, நீங்கதானே அவனுக்கு வக்கீலு? என்னை ஒரு வார்த்த கேக்கலையே?"

"எல்லாம் அவரே கேட்டுட்டார் இல்லீங்களா?"

"எங்க கேட்டாரு? கான்ஸ்டபிளு கூட்டிட்டு வந்ததத்தான் கேட்டாரு. மொத நாளே அவனா வந்தானே, அத யாரு கேட்டா? போலீசும் இல்ல, ஒருத்தரும் இல்ல. கழனியில நின்னுட்டிருந்தேன், ஓடி வந்து கால்ல விழுந்தான். கொன்னுட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்னு அழுவுறான். நல்ல பையன், தானா வந்து சொல்லிட்டான். அது ஜட்ஜு அய்யாவுக்குத் தெரிஞ்சிருந்தா எரக்கப்பட்டிருப்பாரா, இல்லையா? நீங்க கேட்டா சொல்லணும்னுதான் அத்தன நேரம் நின்னேன்."

போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் தானாக வந்து சொன்னது, அது கோர்ட்டில் செல்லும். அழுகிற மனிதன் சொல்லும் கொன்னுட்டேன் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கோர்ட்டில் அதை எழுதிக்கொள்கிறவர்கள் இங்கிலீஷில் எப்படி எழுதியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அவரைக் கும்பிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ராஜம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வக்கீலு சின்னப் புள்ள. எந்திரிச்சாரு, பாத்தாரு, பயந்துபோயி உக்காந்துட்டாரு. மேல் கோர்ட்டுக்குப் போறதா இருந்தா வாய் இருக்கிற ஆளாப் பாத்து வெச்சிக்க."

ராஜம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.